நம் சிறார் உண்ணும் உணவு

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் சங்கப் பள்ளித் தமிழாசிரியர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் அடியேன் பேசவேண்டுமென்று செயலாளரவர்கள் பணித்தபோது, வழக்கம்போல் இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு பேசுவேன் என்றே எண்ணியிருப்பார்கள். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆயினும், சென்ற ஓராண்டாக என் உள்ளத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை விடுத்து வேறொன்றைப் பேச நா எழவில்லை. ஆதலின், நம் சிறார் உண்ணும் உணவு என்பதையே பொருளாகக் கொண்டேன். தமிழ் கற்பிப்பவனுக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். திருவள்ளுவனார் 'மருந்து' எனத் தலைப்பிட்ட அதிகாரத்தில் வேர்களையும் சூரணங்களையும் கூறாது, உணவின் அளவையும் காலத்தையுமே மிகுதியும் கூறியிருத்தலை அறிந்தவர் அவ்வாறு நகையார். நான் மருத்துவன் அல்லேன். பள்ளியாசிரியனாகவும் தந்தையாகவும் கண்டவற்றையும், கற்றறிந்தோர் ஆய்ந்து வெளியிட்டவற்றுள் ஐயமறத் தெரிந்துகொண்டவற்றையும் மட்டுமே உங்கள் முன் வைக்கின்றேன். குற்றம் உளதேல் பொறுத்தருள்க.

முதலில் என் வீட்டுச் செய்தி. பிறர் வீட்டைப் பற்றிப் பேசப் புகுமுன் தன் வீட்டைக் கூறிவிடுதல் முறையன்றோ? எனக்குப் பத்து வயதில் ஒரு மகன் இருக்கின்றான். கைக்குழந்தையாக இருந்தபோது அவன் கொழுகொழுவென்றிருந்ததைக் கண்டு மகிழாத உறவினர் இல்லை. கண்ணேறு படுமென்று என் தாயார் நாள்தோறும் கன்னத்தில் மையிடுவார். வளர்ந்த பின்னும் அவன் பருத்தே இருந்தான். ஊட்டமான பிள்ளை என்று நாங்கள் உள்ளூரப் பெருமையே கொண்டோம். சென்ற ஆண்டு அவனுடைய கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருப்பதை என் தாயார் கண்டார். வெயிலில் விளையாடிச் சேர்ந்த அழுக்கென்று கருதி, பயற்றமாவும் பீர்க்கங்கூடும் கொண்டு பல நாள் தேய்த்தார். தோல் சிவந்ததேயன்றிக் கருமை நீங்கவில்லை. பையன் வலி பொறாது அழுதான். அவன் வெயிலில் விளையாடியே பல மாதங்கள் ஆயின என்பது எங்களுள் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

பள்ளியில் உடற்பரிசோதனைக்கு வந்த மருத்துவ அம்மையார் அக்கழுத்தை ஒரு நொடிதான் பார்த்தார். எடையையும் உயரத்தையும் அளந்தார். பின்னர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, இஃது அழுக்கன்று. உடலில் இன்சுலின் எவ்வளவு சுரந்தாலும் போதாமல் மேலும் மேலும் சுரக்கின்றது என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம் இது. இப்பொழுதே கவனித்தால் திருத்திவிடலாம். விட்டுவிட்டால் இளமையிலேயே நீரிழிவு வந்து சேரும்" என்றார். குருதிக்கொதிப்பும், கல்லீரலில் கொழுப்பு படிதலும், மூட்டு நோவும், உறக்கத்தில் மூச்சுத் தடையும் இவ்வழியில் வரக்கூடிய பிற இடர்கள் என்றும் எடுத்துரைத்தார்.

அன்று மாலை வீடு சென்றவுடன் என் மனைவியை நோக்கி, "பிள்ளைக்கு என்னதான் கொடுக்கின்றாய்?" என்று சினந்து கேட்டேன். அவளும் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் பணியில் இருப்பவள். அவள் சினக்கவில்லை. "நான் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "நான்கரை மணிக்கு எழுகிறேன். ஏழு மணிக்குள் நான்கு பேருக்குக் காலை உணவும் பகல் உணவும் ஆகவேண்டும். ஏழரைக்குப் பேருந்து. மாலையில் நான் திரும்புவதற்குள் பிள்ளை பசியென்று நிற்கிறான். அத்தைக்கு முழங்கால் வலி. அடுப்படியில் நிற்க முடியாமல் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பாக்கெட்டுகளை மாதச் சாமானோடு வாங்கி வருவது நீங்கள்தானே?" என்றாள். இருபது ஆண்டுகளாகப் பிறரைக் கேள்வி கேட்டே பழகிய எனக்கு அன்று விடை கூறத் தெரியவில்லை. இன்று நான் கூற வந்திருப்பனவெல்லாம் அக்கேள்விக்கு நான் தேடிக்கொண்ட விடையே.

இஃது என் ஒருவன் வீட்டுத் துன்பம் அன்று. 1990-ஆம் ஆண்டில் இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையுள்ளோருள் உடற்பருமன் உடையோர் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் என்றும், 2022-இல் அத்தொகை 1 கோடியே 25 இலட்சம் ஆயிற்று என்றும், 2024-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டுள்ளது. பள்ளிப் பருவத்தினருள் எடை குறைந்தோரைவிட உடற்பருமன் உடையோர் உலகளவில் மிகுந்துவிட்டனர் என்றும், இவ்வாறு நேர்வது இதுவே முதன்முறை என்றும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2025 செப்டம்பரில் அறிவித்தது. பெரியோராகிய நாமும் விலக்கல்லேம். 2019–21-இல் எடுக்கப்பெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மகளிருள் நூற்றுக்கு நாற்பதின்மரும், ஆடவருள் நூற்றுக்கு முப்பத்தெழுவரும் அளவிற்கு மிஞ்சிய எடையுடையோர். பிள்ளைகள் நம்முடைய கலத்திலிருந்தே உண்கின்றனர் என்பதை இக்கணக்கு நினைவூட்டுகின்றது.

நம் கண்ணுக்கு இந்நோய் நோயாகத் தோன்றாமைக்கு ஒரு காரணம் உண்டு. நம் பாட்டன்மார் பசியை அறிந்தவர்கள். ஒட்டிய வயிறும் குச்சிபோன்ற கைகளும் உடைய பிள்ளைகளையே அவர்கள் கண்டு அஞ்சினர். 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் பகலுணவு தொடங்கியதும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக அது விரிந்ததும் அப்பசியைப் போக்குவதற்கே. அத்தகைய தலைமுறையின் கண்ணுக்குப் பருத்த பிள்ளை ஒரு செல்வம். அவர்களைக் குறை கூறுதல் தகாது. ஆனால், பருத்த உடல் யாவும் ஊட்டமுற்ற உடல் அன்று. பருத்த பிள்ளையின் குருதியிலும் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். வயிறு நிரம்பியும் உடலுக்கு வேண்டுவன சேராமை இக்காலத்துப் புதுவகைப் பசி.

நிற்க. உறையிலிட்ட உணவு யாவும் தீது, வீட்டில் ஆக்கியது யாவும் நன்று என்று கூறுவார் உளர். அவ்வாறு கூறிவிடுதல் எளிது; உண்மை அவ்வளவு எளிதன்று. உணவைக் கட்டி எடுத்துச் செல்லுதல் நமக்குப் புதிதோ? கட்டுச்சோறு, பொதிசோறு, கட்டமுது என்று நம் மொழியில் எத்தனை சொற்கள்! திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசித்து இளைத்த திருநாவுக்கரசருக்கு இறைவனே பொதிசோறு தந்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். வற்றல், வடகம், அப்பளம், ஊறுகாய், அவல், பொரி ஆகிய யாவும் நெடுநாள் வைத்துண்ணும் பண்டங்களே. இன்று பருப்பும் பாலும் அரிசியும் உறையில்தான் வருகின்றன. அவற்றால் பிள்ளைகள் கெட்டுவிடவில்லை. ஆகவே, உறை நம் பகையன்று.

பின்னர் எதனை விலக்குவது? பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்து மருத்துவப் பேராசிரியர் கார்லோஸ் மான்டெய்ரோ என்பார், உணவை அதன் சத்துகளைக் கொண்டு மட்டும் பிரியாமல், அஃது எவ்வளவு மாற்றப்பட்டது என்பதைக் கொண்டும் பிரிக்கவேண்டும் என 2009-இல் ஒரு முறை வகுத்தார். அரிசி, பயறு, காய், கனி, பால், முட்டை என்பன முதல் வகை. எண்ணெய், உப்பு, சர்க்கரை என அவற்றைச் சமைக்க உதவுவன இரண்டாம் வகை. இவ்விரண்டையும் சேர்த்து எளிய முறையில் பதப்படுத்தியவை மூன்றாம் வகை. தானியம், கிழங்கு முதலியவற்றைப் பிரித்து மாவுச்சத்தாகவும் சர்க்கரைப் பாகாகவும் கொழுப்பாகவும் ஆக்கி, மணமும் நிறமும் பதமும் தரும் பொருள்களைக் கூட்டி ஆலையில் உருவாக்குவன நான்காம் வகை. இந்நான்காம் வகையை 'மிகைப்பதப்பாட்டு உணவு' என நாம் வழங்கலாம். 2014-இல் பிரேசில் அரசு தன் மக்களுக்கு வெளியிட்ட உணவு வழிகாட்டியில் இப்பகுப்பையே அடிப்படையாகக் கொண்டது. நம் வீட்டார்க்கு இதனை இன்னும் எளிதாகக் கூறுவேன். உறையின் பின்புறத்துப் பட்டியலில், நம் அஞ்சறைப்பெட்டியிலும் அடுக்களையிலும் இடம்பெறாத பெயர்கள் பல இருக்குமாயின், அது நான்காம் வகை என்று ஐயுறுக.

இங்கு ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். முறுக்கும் அதிரசமும் சேவும் கருப்பட்டி மிட்டாயும் நாம் போற்றும் பண்டங்கள். கருப்பட்டி கறுத்திருப்பதனால் அது சர்க்கரை அன்று எனக் கொள்ளலாகாது, அதுவும் சர்க்கரையே. எண்ணெயில் பொரித்தது பாட்டி கையால் பொரித்தாலும் எண்ணெயில் பொரித்ததே. பின்னர் நம் முன்னோர்க்கு அவை தீங்கு செய்யாமை எதனால்? தீபாவளிக்கும் கோவில் கொடைக்கும் மட்டுமே அவை வீட்டில் ஆயின. மாவிடித்து, சலித்து, பிசைந்து, பிழிந்து, பொரித்தெடுக்க இருவர்க்கு ஒரு பகல் வேண்டும். அவ்வுழைப்பே அப்பண்டங்களுக்கு ஒரு கரையாக நின்றது. ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டு அக்கரையை உடைத்துவிட்டது. ஓர் ஆண்டில் சில நாள் உண்டதை ஒரு நாளில் இரு முறை உண்ண இயலுகின்றது.

இவ்வுணவுகள் உடலைப் பருக்கச்செய்யும் முறையையும் சிறிது காண்போம். நூறு கிராம் அவித்த உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 85 கலோரி ஆற்றல் உண்டு. அக்கிழங்கே நீர் வற்றி எண்ணெய் ஏறிச் சிப்சாக ஆனபின், நூறு கிராமில் 500 கலோரிக்குமேல் உண்டு. அவித்த கிழங்கை நூறு கிராம் உண்டால் வயிறு 'போதும்' என்னும். சிப்ஸ் வாயிலிட்டவுடன் நொறுங்கிக் கரைவதால், போதும் என்ற செய்தி வயிற்றிலிருந்து எழுமுன் பாக்கெட்டு காலியாகிவிடுகின்றது. இனிப்புக் குளிர்பானமோ மெல்லவும் வேண்டாதது. அதில் 300 மில்லியளவில் 30 கிராம் அளவிற்குச் சர்க்கரை கரைந்திருப்பது இயல்பு. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு உண்ணும் ஆற்றலில் பத்திலொரு பங்கினும் குறைய வேண்டும் என்றும், இருபதிலொரு பங்கினும் குறைந்தால் மேலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. 1,600 கலோரி உண்ணும் ஒரு சிறுவனுக்கு இவை முறையே 40 கிராமும் 20 கிராமும் ஆகும். ஒரு புட்டி பானமே அவன் அன்றைய அளவைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகின்றது.

இது வெறும் ஊகம் அன்று. 2019-இல் அமெரிக்க நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த கெவின் ஹால் என்பாரும் பிறரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆண்களும் பெண்களுமாகிய இருபதின்மரைத் தம் மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகைப்பதப்பாட்டு உணவும், இரண்டு வாரம் புதிதாகச் சமைத்த உணவும் அளித்தனர். இருவகையிலும் பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் ஆகியவற்றின் அளவை ஒப்பவே வைத்தனர். விரும்பிய அளவு உண்க என்றனர். ஆலை உணவு உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர்; விரைவாகவும் உண்டனர்; இரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினர். புதிய உணவு உண்ட நாட்களில் ஏறத்தாழ அவ்வளவே குறைந்தனர். அவர்கள் வளர்ந்தவர்கள். தம்மைத் தாமே அடக்கிக்கொள்ளும் வயதினரே மிகுதியாக உண்டனர் எனின், பத்து வயதுப் பிள்ளையை 'உனக்கு வாயடக்கம் இல்லை' என்று வைவதில் என்ன பயன்?

என் வகுப்பில் ஒரு நாள் பாடநூலை மூடிவைத்து, மறுநாள் வரும்போது வீட்டில் உண்டு எறிந்த உறைகளைக் கழுவிக் கொண்டுவருமாறு மாணவரைப் பணித்தேன். மேசை நிறைந்துவிட்டது. மூலப்பொருள்களை எடையில் மிகுந்தது முதலாகக் குறைந்தது இறுதியாக வரிசைப்படுத்தி எழுதவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆகவே, முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பண்டத்தின் உண்மை வெளிப்படும். பிள்ளைகள் உரக்கப் படித்தனர். கோதுமைக் கதிர் வரைந்த பிஸ்கட்டில் முதலில் நின்றது மைதா, அடுத்தது சர்க்கரை, அதற்கடுத்தது பனையெண்ணெய். பழம் வரைந்த பானத்தில் நீரும் சர்க்கரையும் முன்னே நின்றன. படத்தில் பழம் பெரிது, பட்டியலில் சிறிது. குளுக்கோஸ் பாகு, மால்டோடெக்ஸ்ட்ரின் என்று சர்க்கரையும் அதன் உறவினரும் வேறு பெயர்களோடு வந்திருப்பதையும் கண்டோம். ஒரு பொருட்குப் பல பெயர் வருதலை நிகண்டில் கற்ற எனக்கு, இத்துணைப் பெயரை ஒரு பிஸ்கட்டு உறையில் கற்பேன் எனத் தோன்றியதில்லை. பாலில் கலக்கும் பொடி ஒன்றை ஒரு மாணவி கொண்டுவந்து, "ஐயா, இது சத்துபானம் என்று அம்மா சொன்னார்களே!" என்றாள். 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகை நம் உணவுச் சட்டத்திலேயே இல்லை என்பதனால், அப்பெயரின்கீழ் இவற்றை விற்றல் ஆகாதென 2024 ஏப்ரலில் இந்திய அரசு இணையவழி வணிகர்க்கு அறிவுறுத்தியது. அதனை அவளுக்குக் கூறினேன்.

சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பண்டத்தின் முன்புறத்தில் கறுப்பு எண்கோண முத்திரை பொறிக்கவேண்டும் எனச் சட்டம் உண்டு. முத்திரை இருப்பினும் இல்லாவிடினும், படிக்கத் தெரிந்த நாம் பின்புறத்தைப் படித்தல் வேண்டும். எழுத்து சிறிது, பெரும்பாலும் ஆங்கிலம். ஆதலின் வீட்டிலுள்ள படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுக. அவ்வாறு வாசித்த பிள்ளை தானே சிந்திக்கத் தொடங்கும்.

நிற்க. இவ்வளவும் தெரிந்தால் போதுமோ? போதாது. என் மனைவிக்கு இவற்றுள் பெரும்பகுதி முன்னரே தெரியும். அவளிடம் இல்லாதது அறிவன்று, நேரம். பாக்கெட்டுக்காரர் நமக்கு விற்பது மாவும் சர்க்கரையும் மட்டும் அல்ல. அவர் விற்பது பத்து நிமிட ஓய்வு. முற்காலத்தில் ஒரு கூரையின்கீழ் நாத்தனாரும் ஓரகத்தியும் மாமியாருமாக நால்வர் அடுப்பைப் பகிர்ந்தனர். இன்று ஒருத்தி தனியே சமைத்து, அலுவலகமும் சென்று, திரும்பி வந்து பிள்ளையின் பாடத்தையும் பார்க்கின்றாள். சமையலில் பங்கு குறைந்ததேயன்றிச் சமையல் குறையவில்லை. இந்நிலையில், 'அக்காலத்துப் பெண்கள் எவ்வளவு நன்றாகச் சமைத்தார்கள்' என மேடையில் புகழ்ந்துவிட்டு, வீட்டில் நாளிதழை விரித்துக்கொண்டு நாற்காலியில் அமர்தல் ஆண்மக்களாகிய நமக்கு அழகாகுமா?

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால், அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பயிலும் ஏழைச் சிறார் காய்கறிச் சாம்பாரோடு சூடான உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் உண்கின்றனர். கட்டணம் செலுத்திப் பயிலும் நம் பிள்ளைகளோ இரண்டு பிஸ்கட்டையும் ஒரு குவளை இனிப்புப் பாலையும் விழுங்கி வண்டியேறி, இடைவேளையில் பாக்கெட்டைப் பிரிக்கின்றனர். மிகுதியாகச் செலவழித்துக் குறைந்ததை உண்கின்றோம்.

இனி நான் கூறப்போவது உங்களுள் பலர்க்கு வருத்தம் தரலாம். ஆயினும் சங்கத்து உப்பைத் தின்பவன் சங்கத்தாரிடம் உண்மையை மறைத்தல் தகாது. நம்மவருள் பெரும்பாலோர் கடை வைத்து வாழ்பவர்கள். மளிகையும் பெட்டிக்கடையும் பேக்கரியும் நம் கைகளில் உள்ளன. என் சம்பளமும் அக்கடைகளின் மகமையிலிருந்தே வருகின்றது. என் இளமையில் நம் தெருக்கடையின் முகப்பில் ஒரு கயிறு தொங்கும்; அக்கயிற்றில் வாழைத்தார் தொங்கும். பசித்து வந்த பிள்ளைக்குக் கடைக்காரத் தாத்தா ஒரு பழத்தைத் திருகிக் கொடுப்பார். கயிறு இன்றும் அங்கே தொங்குகின்றது. பாக்கெட்டுச் சரம் அதில் ஆடுகின்றது. அதுவும் ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக.

கடைக்கார அன்பர்கள் கூறும் விடையையும் நான் கேட்டிருக்கின்றேன். "வாழைப்பழம் இரண்டு நாளில் கறுத்துப்போகும், பாக்கெட்டு ஆறு மாதம் கிடக்கும். பழம் போனால் நட்டம் எனக்கு. நான் விற்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்கள்" என்றார் ஒருவர். அவர் கூறியதில் பொய்யில்லை. அவருடைய பிள்ளைக்கும் அக்கடையிலிருந்துதான் சோறு. ஆனால், அவருடைய பேரனே என் வகுப்பில் முதற்படியேறி வருமுன் மூச்சு வாங்கி நிற்கின்றான். பிறர் பிள்ளைக்கு விற்பது ஒருபுறமிருக்க, கடைக்காரர் வீட்டுப் பிள்ளைதான் காசின்றியே சரத்தைக் கிழிக்கக் கூடியவன். அவ்வகையில் இவ்வாபத்து பிற வீடுகளினும் நம் வீடுகளுக்கே அணிமையில் உள்ளது.

ஆதலின், செய்யற்பாலன சிலவற்றைப் பணிவோடு முன்மொழிகின்றேன்.

முதலாவது, கடை. விற்பனையை நிறுத்துக என்று நான் கூறவில்லை, அது நடவாது. இடத்தை மாற்றுக என்றே வேண்டுகின்றேன். சரத்தைப் பின்சுவருக்குக் கொண்டு செல்க. முகப்பில் வாழைப்பழமும், வேர்க்கடலையும், பொரிகடலையும், கொய்யாவும், அவித்த முட்டையும் இருக்கட்டும். இவை விலை மிகுந்தவையும் அல்ல. கூலிக்குச் செல்லும் தாய்மாரும் வாங்கக் கூடியன. கறுத்துப்போகும் பழத்தின் நட்டத்தை ஓராண்டளவேனும் சங்கம் பகிர்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது, பள்ளி. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த உணவைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் எல்லைக்குள்ளும் விற்கலாகாது என 2020-இல் விதி வகுக்கப்பட்டது. நம் பள்ளியின் வாயிலிலிருந்து நாமே அளந்து பார்ப்போம். பானங்களிலும் பண்டங்களிலும் உள்ள சர்க்கரையளவைக் காட்டும் 'சர்க்கரைப் பலகை' வைக்குமாறு நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2025-இல் தன் பள்ளிகளுக்குப் பணித்தது. நம் பள்ளியிலும் ஒன்று வைப்போம். விளையாட்டு வேளையைக் கணக்கு ஆசிரியர்க்கும் தமிழாசிரியர்க்கும் கடனாகக் கொடுக்கும் வழக்கத்தை விடுவோம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் சிறார் ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

மூன்றாவது, நம் நாவு. பருத்த பிள்ளையைப் பட்டப்பெயரிட்டு அழைத்தலை அறவே விடவேண்டும். நம் பள்ளி ஆண்டு விழா நாடகங்களில் வகுப்பிலேயே பருத்தவனைத் தேடிப்பிடித்துக் கும்பகருணனாக நிறுத்தியவன் நானே. அவையினர் சிரித்தனர், அவனும் சிரித்தான். அதன்பின் அவன் விளையாட்டுத் திடலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். அது எனக்குப் பல மாதங்கள் கழித்தே தெரிந்தது. நகைப்பினால் இளைத்த பிள்ளை இல்லை. மறைந்துண்ணக் கற்ற பிள்ளைகள் உண்டு. வளரும் பிள்ளையைப் பட்டினி போடுதலும் தவறு. உயரம் வளர, எடை ஏறாது நின்றாலே பலர்க்கு அது நல்ல முன்னேற்றம் என்று மருத்துவர் கூறுகின்றனர். அதனையும் மருத்துவரைக் கேட்டே செய்க.

நான்காவதும் தலையாயதும் வீடு. மூட்டைக்கு இவ்வளவு, படிக்கு இவ்வளவு என நம் முன்னோர் தம் வாணிகத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கினர். ஒருவர்க்கும் அது பெருஞ்சுமை ஆகவில்லை. திரண்டபோது பள்ளியாக எழுந்தது. அதைப்போல் ஒவ்வொரு வீட்டு ஆண்மகனும் நாளொன்றுக்கு அரைமணி நேரத்தை அடுப்பங்கரைக்கு மகமையாக ஒதுக்கவேண்டும் என்று வேண்டுகின்றேன். பணம் தர வேண்டா, நேரம் தருக.

எங்கள் வீட்டில் நிகழ்வதைக் கூறுகின்றேன். இரவு படுக்குமுன் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ ஊறவைத்தல் என் கடமை. மறுநாளைக்கு வேண்டிய காயை நறுக்கி வைத்தலும் என்னுடையதே. தொடக்கத்தில் நான் நறுக்கிய வெண்டைக்காயைக் கண்டு என் மனைவி நெடுநேரம் சிரித்தாள். இப்போது அவ்வளவு சிரிப்பதில்லை. ஞாயிறுதோறும் நானும் மகனும் இட்லிக்கு மாவரைக்கின்றோம். காலையில் கடலையைக் குக்கரில் வேகவைத்துவிட்டுச் செல்கின்றேன். மாலையில் என் தாயார் முக்காலியில் அமர்ந்தபடியே தேங்காய் துருவி, கடுகு தாளித்துச் சுண்டல் ஆக்கித் தருகின்றார். பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தபோது கிட்டாத நிறைவு அவர் முகத்தில் இப்போது தெரிகின்றது. பேரனுக்குத் தன் கையால் ஒன்று ஆக்கிக் கொடுக்கவே அவரும் ஏங்கியிருந்தார் போலும். மாதச் சாமானில் பாக்கெட்டுகளை நான் வாங்குவதில்லை. திருவிழாவிலும் உறவினர் வீட்டிலும் மகன் உண்பதைத் தடுப்பதும் இல்லை.

எட்டு மாதங்கள் கழிந்தன. மகன் 4 செ.மீ. வளர்ந்திருக்கின்றான், எடை ஏறவில்லை. கழுத்தின் கருமை முற்றும் நீங்கவில்லை. ஆயினும் வெளுக்கத் தொடங்கியிருக்கின்றது. மருத்துவ அம்மையார் கண்டு, "இவ்வாறே செல்லுங்கள்" என்றார். இடையில் நாங்கள் தவறிய வாரங்களும் உண்டு. தேர்வுத்தாள் திருத்தும் நாட்களில் என் அரைமணியை நான் கொடுக்கவில்லை. அந்நாட்களில் பாக்கெட்டு மீண்டும் வீட்டுக்குள் வந்தது. எது எதன் இடத்தை நிரப்புகின்றது என்பது அப்போதுதான் எனக்கு நன்கு விளங்கிற்று.

அன்பர்காள்! நம் முன்னோர் தம் பிள்ளைகள் எழுத்தறியாமல் இருக்கலாகாது என்று காசில் மகமை எடுத்தனர். அப்பள்ளியில் பயின்ற நாம், நம் பிள்ளைகள் நோயோடு வளரலாகாது என்று நேரத்தில் மகமை எடுப்போமாக. இன்றிரவு வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடிப் பயற்றை நீரில் இட்டுவிட்டு உறங்கச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.